சனிக்கிழமையில் எண்ணெய் வாங்காதவர்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் அய்யாவு அளவுக்கு நாள் பார்த்தவர் கிடையாது. முடி வெட்ட ஒரு கிழமை, நகம் வெட்ட ஒரு கிழமை. புதுத் துடைப்பம்கூடச் செவ்வாயன்று வீட்டுக்குள் வரக் கூடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் ஆண்டில் அவருக்கு அஷ்டமத்துச் சனி வேறு. வாரந்தவறாமல் சனீஸ்வரருக்கு எள்ளெண்ணெய் விளக்குப் போட்டார். அந்த எண்ணெயையும் வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்துவிடுவார். சனிக்கிழமை எண்ணெய் வாங்கினால் சனியனைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வருவதாகும் என்று நம்பினார்.

பங்சார் மேட்டு பங்களாக்களில் புல் வெட்டுவது அவர் பிழைப்பு. மேடு ஏறினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அவருடைய பழைய சைக்கிளுக்குக் கைப்பிரேக் இல்லை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். சங்கிலி அறுந்தால் பிரேக்கும் போச்சு. இது அவருக்குத் தெரியாததல்ல.

ஒரு வாரம் விடாத மழை. சனிக்கிழமை காலை சங்கிலி கிரீச் கிரீச்சென்று ஊரைக் கூட்டியது. சைக்கிள் கடை முதலாளி, அதாவது தவுக்கே, ஆ லோக், தமிழ் சரளமாகப் பேசும் சீனர், சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"துருப்புடிச்சிருச்சி லா! மொதல்ல மண்ணெண்ணெயில கழுவு. கழுவுனாதான் எங்க வெடிச்சிருக்குன்னு தெரியும். அப்புறம் இந்த மெஷின் எண்ணெய விடு. இந்தா."

"இன்னிக்கு வேணாம் தவுக்கே. திங்கக்கெழம வரேன்."

"சும்மாதான் குடுக்கறேன், புடி!"

"சும்மா குடுத்தாலும் சனிக்கெழம எண்ணெய் வாங்கக் கூடாது."

ஆ லோக் தலையில் அடித்துக்கொண்டார். இதைச் சொல்லும்போதே நமக்கும் ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் விளக்குப் போட்டு மீந்த எள்ளெண்ணெய் இருந்தது. சாமிக்கு ஆவது சங்கிலிக்கு ஆகாதா? துருவின் மேலேயே தாராளமாக ஊற்றிப் பெடலைச் சுற்றினார். சத்தம் அடியோடு நின்றது.

"பாத்தியா, எப்படி ஓடுது!" என்றார் மனைவி வீரம்மாவிடம்.

கறுத்துப் பிசுபிசுத்த அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி வெடித்திருக்கிறது என்பதை இனி யாராலும் பார்க்க முடியாது. எச்சரித்துக்கொண்டிருந்த சத்தமும் போய்விட்டது.

மறுநாள் வீரம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஆறு வயது மகள் தனலெட்சுமியை முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு அய்யாவு பங்சாருக்குப் போனார். மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறினார். வேலை முடிந்து இறங்கும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. சரிவின் அடியில் லோரிகள் ஓடும் பெரிய சாலை. பாதிச் சரிவில் வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னால் அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். கால் வெறுமனே சுழன்றது.

மகளுக்கு ஒரே குஷி. "இன்னும் வேகமா போங்கப்பா!"

கீழே ஒரு லோரி குறுக்கே போனது, அதன் பின்னால் இன்னொன்று. அய்யாவு மகளை ஒரு கையால் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, ஓரத்துச் செம்பருத்தி வேலிக்குள் சைக்கிளைத் திருப்பினார். அவள் புல்லில் உருண்டாள். அவர் சிமெண்டுக் கால்வாயில் விழுந்தார்.

தனலெட்சுமி எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். ஒரு சிராய்ப்புகூட இல்லை. கால்வாயை எட்டிப் பார்த்தாள்.

"எந்திரிங்கப்பா. இன்னொரு வாட்டி போலாம்."

எழப் பார்த்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

"மேல ஓடிப்போயி பங்களா ஆன்டிய கூட்டிட்டு வாம்மா."

அவள் சிரித்துக்கொண்டே மேட்டில் ஓடினாள். இனி அந்த மேட்டில் தாம் ஏறப்போவதில்லை என்பது அய்யாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.