பெயிண்ட் டின்மீது உட்கார்ந்த நகராட்சி

அபுதாபி முசஃபாவில் எங்கள் ஒர்க்‌ஷாப் ஸ்டோருக்குள் அந்த மனிதர் முதல்முறை வந்தபோது வணக்கம் சொல்லவில்லை, கை நீட்டவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வந்தார், ஓரமாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார், தரையைப் பார்த்தபடி இருந்தார். நானோ அவருடைய நிழல் வாசலில் விழுந்ததுமே எழுந்து நின்றுவிட்டேன். கழுத்தில் தொங்கிய அட்டையில் சேஃப்டி ஆபீஸர் என்று போட்டிருந்தது. ஆபீஸர் பேசாமலிருக்கும்போது ஸ்டோர்கீப்பர் வாயைத் திறப்பது மரியாதையில்லை என்று நானும் பேசவில்லை. பழைய ஏசி மட்டும் எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் கழித்து அவர் எழுந்து, முதுகை லேசாக வளைத்து, வந்த வழியே போய்விட்டார்.

மறுநாளும் இதே கூத்து. மூன்றாம் நாள் நான் இன்னும் விறைப்பாக நின்றேன். அவர் நாற்காலியை விட்டுவிட்டு முக்காலிக்கு இறங்கினார். அடுத்த வாரம் நான் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கையை முன்னால் கட்டி நின்றேன். அவர் முக்காலியையும் விட்டுவிட்டு ஒரு பெயிண்ட் டின்மீது போய்க் குந்தினார். ஆறடி மனிதர், முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒருவர் எதற்காகக் கீழே உட்கார வேண்டும்? எனக்குப் புரிந்துவிட்டது. கீழ்த்தட்டைக் கணக்கெடுக்கிறார். அங்கேதான் மூன்று வருடமாக நான் ஒதுக்கிவைத்த ஓட்டை ஹோஸ்களும் ஜோடியில்லாத கையுறைகளும் கிடந்தன.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். பக்கத்து லேபர் கேம்ப்பில் இருந்து படிக்கிறவர்கள் இப்போதே தங்கள் விசாத் தேதியைப் பார்த்திருப்பார்கள். வளைகுடாவில் உங்கள் பக்கத்தில் ஒரு புது ஆளைக் கொண்டுவந்து சும்மா உட்காரவைத்தால், பெட்டியைக் கட்டு என்று அர்த்தம். எனக்கு வயது ஐம்பத்தொன்று. விசா புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. மகள் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். வந்திருப்பவருக்கோ முப்பதுதான் இருக்கும். ஆங்கிலம் தண்ணீராக ஓடுகிறது. என்னுடைய ஆங்கிலம் எங்கள் பக்கத்துத் தண்ணீர் லாரி மாதிரி, வந்தால் உண்டு.

பக்கத்தில் கஃபெட்டீரியாவும் அதை ஒட்டிச் சில்லறைக் கடையும் நடத்தும் கீழக்கரை காதர் பாயிடம் போய்ப் புலம்பினேன். ஆறுதல் சொல்ல அவரைவிடப் பொருத்தமில்லாத ஆள் முசஃபாவில் கிடையாது.

“கேக்காமலா உக்காந்தான்?”

“கேக்காமத்தான்.”

“மூஞ்சியப் பாக்கவே இல்லையா?”

“தரையத்தான் பாக்குறாரு பாய்.”

“அப்ப கலாஸ், முடிஞ்சிச்சு ஓய். கண்ணப் பாத்தா எரக்கம் வந்துரும்னு பாக்காம இருக்கான். கெடா அறுக்கறவரும் அப்படித்தான் வேற பக்கம் பாப்பாரு.” டீயை என் முன்னால் வைத்துவிட்டு, “சீனி கூடப் போட்டிருக்கேன். குடிச்சிக்கிடும், ஊருக்குப் போனா இந்த டீ கெடைக்காது” என்றார்.

எழுந்து நிற்பது என்பது எங்கள் சாயல்குடிப் பக்கத்தில் ஒரு தேகப்பயிற்சி. ஹெட்மாஸ்டர் சைக்கிளில் போனால் டீக்கடை பெஞ்சு மொத்தமும் எழும். சம்பந்தக்காரர் வந்தால் வீடே எழும். இந்த முழங்கால்களோடுதான் இருபத்திரண்டு வருடம் முன்னால் விமானம் ஏறினேன். முதல் கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபு முதலாளி, நல்ல மனிதர். அவர் அறைக்குள் வரும்போதெல்லாம் நான் துள்ளி எழுந்து கைகட்டி நிற்பதைப் பார்த்து, இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் மிகுந்த கருணையோடு கழிவறைப் பக்கம் கையைக் காட்டினார். எனக்கு ஏதோ வயிற்றுக் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார். மறுக்கத் தைரியமில்லாமல் நானும் போய், உள்ளே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஒரு மாதம் இப்படி மரியாதையின் பெயரால் கழிவறைக்குப் போய்வந்தேன். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. அதற்குப் பதிலாகத் துப்பறிய ஆரம்பித்தேன். சேஃப்டி ஷூ வாங்க அவர் எழுதிக்கொடுத்த ஃபாரத்தில் சொந்த முகவரி இருந்தது. பெயர் சிபுசிசோ. தென்னாப்பிரிக்கா, டர்பனுக்குத் தெற்கே, ஸூலு பேசும் கடலோரத்தில் ஒரு நகராட்சி. அதன் பெயரைச் சொல்ல நாக்கை அண்ணத்தில் ஒட்டி ஒரு சொடக்குப் போட வேண்டும். தமிழில் எழுத முயன்று தோற்றுவிட்டேன். ஆனால் அந்த நகராட்சி தன்னைப் பற்றி இணையத்தில் ஒரு நீளமான அறிக்கை போட்டிருந்தது. எதிராளியின் பலவீனம் எங்காவது அகப்படும் என்று, ரூமில் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். மகள் பரீட்சைக்குக்கூட இந்தக் குடும்பத்தில் யாரும் அப்படிப் படித்ததில்லை.

நகராட்சி என்றால் பஸ் ஸ்டாண்டு, சாக்கடை, வரி பாக்கி நோட்டீஸ் என்றுதானே நமக்கு மனதில் வரும்? இது முக்கால்வாசி கிராமம். கடலை ஒட்டி ஒரு ரிப்பன் அகலத்துக்குத் தார்ச்சாலை, ரயில்பாதை, விடுமுறைக்கு மட்டும் ஜன்னல் திறக்கும் பணக்கார வீடுகள். அதைத் தாண்டினால் கரும்பு. கரும்பைத் தாண்டினால் மேடும் பள்ளமுமாகப் பச்சை மலைகள், மலைக்கு மலை தள்ளித் தள்ளி வீடுகள், வட்டக் குடிசையும் தகரக் கூரையும் ஒரே முற்றத்தில். நிலத்துக்குப் பாரம்பரியத் தலைவர்கள், ரோட்டுக்கும் விளக்குக்கும் ஓட்டுப் போட்டு வந்த கவுன்சிலர்கள்; குழாய் வராவிட்டால் யாரைத் திட்டுவது என்று ஜனங்களுக்குக் குழப்பம். ஆறுகள் மலையிலிருந்து அவசரமாக இறங்கிக் கடலில் விழுகின்றன. போகிற போக்கில் பாலத்தையும் கூட்டிக்கொண்டு போகின்றன. மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் லாரி. பையன்கள் வேலை தேடி டர்பனுக்கு. வருஷத்துக்கு ஒருமுறை கரைக்கு வரும் மத்தி மீன் கூட்டம். படிக்கப் படிக்க எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் யூனியனைக் கொஞ்சம் மழையில் நனைத்து மேடேற்றி வைத்த மாதிரி இருந்தது. எந்தப் பாலம் உடைந்தது, எந்த மேட்டுக்கு லாரி ஏறாது என்பதெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. சொந்த ஊரில் என் வார்டு எண் என்ன என்று கேட்டால் மனைவிக்கு போன் போட வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை போனில் செய்தி வந்தது: நாளை காலை பத்து மணிக்கு ஸ்டோருக்கு வருகிறேன், கையெழுத்து வேண்டும். சிபுசிசோ. கையெழுத்து! ராஜினாமாக் கடிதத்தை அவர்களே அடித்துக் கொண்டுவருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சாயங்காலமே காதர் பாய் கடைக்குப் போய் தைலம் இரண்டு டஜன், பாதாம், சோப்பு, மாமனாருக்கு டார்ச் லைட் என்று ஊர்ப்பெட்டிக்கு வேண்டியதையெல்லாம் வாங்கினேன். “அழுவாம வாங்கும், ஓய்” என்று சொல்லிவிட்டு பாய் பாதாமுக்கு மட்டும் விலை குறைத்தார்.

புதன்கிழமை பத்து மணி. வந்தார். நான் எழுந்தேன். அவர் டின்மீது இறங்கினார். கையில் ஒரு கவர். ஏசி கடகடத்தது. என்னால் தாங்க முடியவில்லை. கெஞ்சத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் மூன்று வாரம் உள்ளே போட்டு அமுக்கியதெல்லாம் முந்திக்கொண்டு வெளியே வந்து விழுந்தது.

“குட் மார்னிங் சார். உங்க ஊர்ப் பாலத்தச் சரி பண்ணிட்டாங்களா? மேட்டு வீடுகளுக்குத் தண்ணி லாரி வருதா? இந்த வருஷம் மத்தி மீன் கரைக்கு வந்துச்சா?”

அந்த மனிதர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்த்தார். பிறகு டின்னே அதிரும்படி ஒரு சிரிப்பு. நாங்கள் பேசியது ஒர்க்‌ஷாப் ஆங்கிலம், தமிழில் தருகிறேன்.

“பாலம் இன்னும் அப்படியேதான் கெடக்கு. அதத் தாண்டித்தான் எங்க வீடு. இந்த நாட்டுக்கு வந்த நாள்லருந்து யாரும் என்கிட்ட அதக் கேட்டதில்ல, பாபா.”

பாபா என்றால் அவர்கள் பேச்சில் அப்பா. வயதில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

“மூணு வாரமா நீங்க பேசுவீங்கன்னு காத்திருந்தேன்” என்றார். “எங்க பக்கம் பெரியவங்கதான் முதல்ல பேச்சை எடுக்கணும். அவங்க கண்ண நேராப் பாக்கக் கூடாது. தலைக்கு மேல உசரமா நிக்கவும் கூடாது, வந்த உடனே உக்காந்துடணும். ஆனா நான் உக்காந்தா நீங்க எழுந்துக்கிறீங்க. எம்மேல என்ன கோவம்னு தெரியல. இன்னும் தாழ உக்காந்தேன். நீங்க இன்னும் வெறப்பா நின்னீங்க. டின்னுக்குக் கீழ தரைதான் பாபா பாக்கி. நாளைக்கு அதுலதான் உக்காரலாம்னு இருந்தேன்.”

பிறகு கவரை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். அது அவருடைய தகுதிகாண் காலத்துக்கான ஃபாரம். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் ஒர்க்‌ஷாப்பின் மூத்த ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். மேனேஜர் என்னைக் காட்டியிருக்கிறார். நான் நின்ற விறைப்பைப் பார்த்து இந்த ஆள் போடமாட்டார் என்று அவரும் பெட்டியைப் பாதி கட்டி வைத்திருந்தார். ஒரே ஸ்டோருக்குள் இரண்டு பேர், மூன்று வாரமாக, ஒருவருக்கொருவர் மரியாதை செலுத்தியே செத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவசரத்தில் ஆங்கிலம் மறந்து தமிழில் கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகுதான் என் விசா நினைவு வந்து போனைத் துழாவினேன். புதுப்பித்தாகிவிட்டது என்ற செய்தி எட்டு நாளாகத் திறக்கப்படாமல் கிடந்தது. நகராட்சி அறிக்கை படிக்கிற மும்முரத்தில் அதையெல்லாம் யார் பார்த்தது?

அந்த வாரக் கடைசியில் காதர் பாய் கடையில் மத்தி பொரித்தோம். எங்கள் பக்கம் அதைச் சாளை என்போம். வாங்கிய தைலத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். “ரிட்டர்ன் மாஃபி” என்று பாய் கையை விரித்துவிட்டார். சிபுசிசோ முள்ளோடு மென்றுகொண்டே தன் ஊர் மத்தியைப் பற்றிச் சொன்னார். ஜூன், ஜூலையில் முதலில் பறவைகள் கடலுக்கு மேல் கூட்டம் கூடுமாம். அப்புறம் கரையில் ஒரு சத்தம். அவ்வளவுதான், கடைக்காரர் கடையை விட்டு, டீச்சர் போர்டை விட்டு, பக்கெட்டோடு, துணிக்கூடையோடு, ஒன்றுமில்லாதவர்கள் பாவாடையையே ஏந்திக்கொண்டு அலைக்குள் ஓடுவார்களாம்.

“உங்க நகராட்சி சேர்மனுமா?” என்று கேட்டேன்.

“அவர்தான் ரெண்டு பக்கெட்டு” என்றார்.

கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன நம்மவர்களின் வாரிசுகள் அந்தக் கடலோரமெங்கும் இருக்கிறார்களாம். அவர் ஊர் பஸ் நிறுத்தத்துக் கடைக்காரரின் குடும்பப் பெயர் பிள்ளை. தமிழ் தெரியாது, கடைக்குப் பின்னால் கறிவேப்பிலை மரம் உண்டு.

“உங்க டிபன் டப்பாவைத் தொறந்தா எங்க பஸ் ஸ்டாப் வாசம் வரும் பாபா. நான் தினம் மத்தியானமா வந்தது அதுக்குந்தான்.”

“இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா சோறு போட்டே அனுப்பியிருக்கலாமே, ஓய்” என்று காதர் பாய் என்னை முறைத்தார். என்னைப் பயமுறுத்தியது அவரே இல்லை என்பது போல.

இந்த வருடம் லீவில் ஊருக்குப் போனேன். வீட்டுக்குள் மனைவியின் தாய்மாமன் நுழைந்தார். யோசிக்கவே இல்லை. படக்கென்று தரையில் உட்கார்ந்து, பார்வையைத் தாழ்த்தி, பெரியவர் பேசட்டும் என்று காத்திருந்தேன். மாமா கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்தார்.

“என்ன மருமகனே, கீழ எதையும் தொலைச்சுப்புட்டீகளா?”

மனைவிதான் முதலில் சுதாரித்தாள். “துபாய்ல இருந்து இருந்து, பெரியவுக வந்தா எந்திரிக்கணும்கிறதுகூட மறந்துபோச்சு மாமா இவுகளுக்கு.” துபாய் இல்லை, அபுதாபி என்று திருத்தும் நிலையில் நான் இல்லை. பதறி எழுந்ததில் மாமாவின் மூக்குக் கண்ணாடியில் இடித்து, அவர் மூக்குக்குத் தைலம் தடவிவிட்டேன். இரண்டு டஜனும் வீண்போகவில்லை.

திரும்பி வந்து ஸ்டோரில் உட்கார்ந்த முதல் நாள், வாசலில் மேனேஜரும் சிபுசிசோவும் சேர்ந்து வந்தார்கள். மேனேஜருக்காக ஒரு கால் எழுந்தது, சிபுசிசோவுக்காக இன்னொன்று உட்கார்ந்தது. எதிரே பார்த்தால், நான் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் காதர் பாயிடம் தமிழ் மரியாதை பழகிக்கொண்ட சிபுசிசோவும் டின்மீது இறங்குவதா நிமிர்வதா என்று நடுவழியில் நிற்கிறார். டீ கொண்டுவந்த காதர் பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “முட்டில கிரீஸ் தீந்துருச்சா, ஓய்?” என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கை மேஜையில், ஒரு கை நாற்காலியில், உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல், நாற்காலிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். முட்டி வலித்தாலும், என் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண் இடத்துக்கு இதுவரை யாரும் விசா கேட்டதில்லை.