மூன்று மணிக்கு இறங்காத முள்

துணி தேய்த்துக் கொடுக்கும் அக்காவை லேசில் ஏமாற்ற முடியாது. வருகிற சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஏற்கெனவே இருக்கிற ஓட்டையைக் கொண்டுவந்தவருக்குக் காட்டிவிட்டுத்தான் வாங்கி வைப்பாள். அப்படிப்பட்டவளுக்கு, தினமும் பிற்பகல் மூன்று மணிக்குத் தன் தெருவில் மட்டும் கரண்ட் போவதும், எதிர்த் தெருவில் ஃபேன் ஜோராகச் சுற்றுவதும் எப்படிப் பொறுக்கும்?

துணை மின்நிலைய ஆப்பரேட்டர் எதிர்த் தெருக்காரர். 'அவர் வீட்டுல குளுகுளுன்னு காத்து வர, என் இஸ்திரிப் பெட்டி ஆறிக் கிடக்கணுமா?' என்று அவள் மனசு முடிச்சுப் போட்டது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். எட்டாம் நாள் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, அவருடைய சட்டைகளைக் கொடுக்கும் சாக்கில் மின்நிலையத்துக்கே போய் நின்றாள்.

"என்னக்கா, இங்கேயே வந்துட்டீங்க?"

"சட்டை குடுக்க வந்தேன். அப்படியே எங்க கரண்டை யாரு திருடறாங்கன்னும் பார்த்துட்டுப் போலாம்னு."

அவர் சிரித்தார். சுவரோரம் நான்கு இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றிலும் ஓடுகிற கரண்டை முள்ளால் காட்டும் ஒரு மீட்டர். "நாலு லைன் போகுது. ஒண்ணு உங்க தெரு. எங்க தெரு லைன்ல ஆஸ்பத்திரி இருக்கு, அதைத் தொடக்கூடாது. மூணாவது குடிதண்ணி மோட்டார்."

"நாலாவது?"

"ஐஸ் ஃபேக்டரி. மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் அவங்களே மெஷினை நிறுத்திக்கிறதா எழுதிக் குடுத்திருக்காங்க. அதனால அதை நாங்க நிறுத்தறதில்ல."

மூன்று அடித்ததும் போன் மணி அடித்தது. தலைமை அறையிலிருந்து உத்தரவு: தேவை ஏறுகிறது, உற்பத்தி போதவில்லை, சுமையைக் குறையுங்கள்.

"குறைக்கலைன்னா ஊர் ஊரா மொத்தமா படுத்துடும்க்கா" என்றபடியே அவர் கைப்பிடியைத் திருப்பினார். அவள் தெருவின் முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. அவள் கண்ணோ நாலாவது மீட்டரை விட்டு நகரவில்லை. மணி மூன்றேகால் ஆனது.

"தம்பி, நிறுத்தினா முள்ளு கீழ வரணும்ல? ஃபேக்டரி முள்ளு ஏன் நின்ன இடத்துலயே நிக்குது?"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. மணிக்கு மணி மீட்டர் அளவை எழுதிவைக்கும் பதிவேட்டைப் புரட்டினார். போன ஏழு நாளும் ஃபேக்டரி லைனுக்கு இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு, நான்கு மணிக்கு ஒரே அளவு.

"கவனிக்கலைக்கா."

"எழுதினது உங்க கைதானே?"

அவர் என்ஜினீயருக்குப் போன் போட்டுச் சொல்லி முடிக்கும்வரை அவள் இடத்தைவிட்டு அசையவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு என்ஜினீயர் ஃபேக்டரிக்குப் போனபோது உள்ளே எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. அதன்பிறகு ஃபேக்டரிக்காரர்கள் எழுதிக் கொடுத்தபடி நிறுத்தினார்கள். அந்தச் சுமை குறைந்ததால் அவள் தெருவில் கரண்ட் போவது வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் அரைமணி என்றானது.

தெருவே அவளைக் கொண்டாடியது. அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

"விடேன்க்கா, கரண்ட்தான் வந்துடுச்சே" என்றாள் தங்கை.

"வந்துடுச்சு. ஏழு நாள் தன் கையாலயே எழுதினவருக்கு நிஜமாவே தெரியலையா, இல்ல தெரியாத மாதிரி இருந்தாரா? அது தெரியலையேடி."