நான் வாசிக்காமல் விட்ட வரி

வரலாற்று நாவல்களில் வருகிற பெண்களுக்காக நான் அழுத அழுகைக்கு அளவில்லை. பஞ்சத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேறியவள், சண்டைக்குப் போன புருஷன் திரும்பாமல் நின்றவள், ஜமீன் ஆட்கள் வீட்டைப் பூட்டியபோது சட்டி பானையோடு தெருவுக்கு வந்தவள், எல்லோருக்கும் அழுதிருக்கிறேன். தேனியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து மூக்கை உறிஞ்சுவேன். "இன்னைக்கு யாரு செத்தாக?" என்று கூட்டிப் பெருக்குகிற அம்மா கேட்பார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவளுக்கு அழுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அவள் நம்மிடம் வந்து எதுவும் கேட்க மாட்டாள்.

அந்தக் கதைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பிறந்த ஊரான கோம்பைக்கு எடுத்துப்போய் அக்காவுக்கு வாசிப்பேன். கல்யாணமான நாலே வருஷத்தில் புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல், அப்பா வீட்டுக்குத் திரும்பியவள் அவள். அப்பாவின் முக்கால் ஏக்கர் திராட்சைத் தோட்டத்தை இருபது வருஷம் அவள்தான் பார்த்தாள். கவாத்து எடுப்பது, கொடி கட்டுவது, மருந்தடிப்பது, மழையில் பூ உதிர்ந்தால் சோறு இறங்காமல் கிடப்பது எல்லாம் அவள் பாடு. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்பதால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், அதற்கும் பொறுமை கிடையாது. "நீ வாசி, நான் கேக்குறேன்" என்பாள். பந்தலுக்கு அடியில் அவள் கொடி கட்டிக்கொண்டே நகர, நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நகர்வேன்.

அவள் அழ மாட்டாள். கோபப்படுவாள். ஒரு நாவலில் ஒரு விதவை, கணக்கர் நீட்டிய ஓலையில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் கீறல் போட்டு நிலத்தை இழந்துவிடுவாள். நான் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே சொன்னாள்: "ஓலை எழுதுனவன் களவாணிப் பய, அவன விடு. சுத்தி நின்னாகள்ல, அவுகளுக்கு வாய் எங்க போச்சு?"

"அப்படிக் கேளு" என்றேன், பெரிய வீராங்கனை மாதிரி.

அப்பாவுக்கு வருஷத் திவசம் முடிந்ததும் எங்கள் தம்பி சொத்துப் பேச்சை எடுத்தான். எங்கள் பக்கம் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண்ணுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் கூடப்பிறந்த பெண்கள் பத்திர ஆபீசுக்கு வந்து, பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, தம்பி எடுத்துக் கொடுக்கிற பட்டுச்சேலையை வாங்கிக்கொண்டு, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். போடாதவளுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டதுதான். அவள் பிள்ளை கல்யாணத்தில் தாய்மாமன் வந்து நிற்க மாட்டான். என் மகளுக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் இல்லாத மேடையில் சம்பந்தி வீட்டார் முன்னால் நிற்பதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

தம்பி என்னிடம் தனியாக வந்தான். "சின்னக்கா, நீ சொன்னாத்தான் பெரியக்கா கேக்கும். பேருக்குத்தான் மாத்துறோம். அதைய யாரு தோட்டத்த விட்டுப் போகச் சொல்லப் போறா?" என்றான். அப்படியென்றால் அதையும் பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிடு என்று கேட்க எனக்குத் தெரியும். பிழைப்பே எழுத்து வேலைதான். ஆனால் கேட்கவில்லை.

பத்திர ஆபீசுக்கு வெளியே, பத்திரம் எழுதுகிறவர் நீட்டிய தாளை அக்கா வாங்கிக் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். "என்ன எழுதியிருக்குன்னு வாசி ஆத்தா." அப்பா பெயர், சர்வே எண், நாலு பக்கத்து எல்லை, கிணற்றில் உள்ள பங்கு எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். "மேற்படி சொத்தில் எனக்கு இனிமேல் எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது" என்ற வரி வந்தது. கண் வாசித்தது. வாய் வாசிக்கவில்லை. அதைத் தாண்டிப் போய் சாட்சிகள் பெயரை வாசித்து முடித்தேன்.

"நான் தோட்டத்துல இருக்கது?" என்று கேட்டாள் அக்கா.

"அதெல்லாம் இருக்குக்கா" என்றேன். அப்படி ஒன்று அந்தத் தாளில் எங்கும் இல்லை.

உள்ளே அதிகாரி, "வாசிச்சுப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். "என் தங்கச்சி வாசிச்சுட்டா சார்" என்றாள் அக்கா, கொஞ்சம் பெருமையாக. அப்புறம் கைரேகை. மெஷின் அவள் ரேகையை ஏற்கவில்லை. பந்தல் கம்பியும் மருந்தும் சேர்ந்து விரலைத் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தன. கட்டைவிரலை வைத்தாள், எடுக்கவில்லை. அடுத்த விரலும் எடுக்கவில்லை. "கையத் தொடச்சிட்டு வைங்கம்மா" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் நான் வாயைத் திறக்க வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. நான் என்ன செய்தேன்? முந்தானையை பாட்டில் தண்ணீரில் நனைத்து அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டேன். ஐந்தாவது தடவை மெஷின் எடுத்துக்கொண்டது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கு அரக்கு நிறத்தில் பட்டு. புருஷன் இல்லாதவள் என்று அவளுக்குச் சந்தன நிறத்தில் ஒரு நூல் சேலை.

மகள் கல்யாணத்தில் தாய்மாமன் வந்து ஜம்மென்று நின்றான். அடுத்த மூன்று மாதத்தில் தோட்டத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றான். காய் தொங்கத் தொங்கப் பந்தலை அறுத்துத் தள்ளினார்கள். ஊரே அவனைத் திட்டியது. கூடச் சேர்ந்து நானும் திட்டினேன், அதைவிடக் கேவலம் வேறில்லை. அக்கா ஊருக்குள் ஓர் ஒற்றை அறைக்கு வந்தாள். ஐம்பத்தெட்டு வயதில், விடிகிறதற்கு முன்னால் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறாள்.

இரண்டு வருஷம் ஆகியும் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்று நினைத்து நான் நிம்மதியாகவே இருந்தேன். உண்மையைச் சொல்வதற்கு வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது, நன்றாகத் தூங்கினேன்.

போன மாதம் நூலகத்தில் ஒரு புது நாவல் கிடைத்தது. அந்தக் காலத்தில் மலைத் தோட்டங்களுக்குக் கூலியாக ஓட்டிப்போகப்பட்ட பெண்களின் கதை. பின்னட்டையைப் படித்ததுமே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வாரம் ஆறு நாள் மலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவளிடம் அதைக் கொண்டுபோய் வாசித்துக்காட்ட வேண்டும் என்று தோன்றியது பாருங்கள், என் அறிவைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. அக்கா அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்கெல்லாம் காய்க்கறை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தை விரித்தேன்.

"கொண்டா இங்க" என்று புத்தகத்தை வாங்கினாள். "ஜீப்புல கூட வர்ற பிள்ளை ஒண்ணு பத்திரத்த முழுசா வாசிச்சுச் சொல்லுச்சு. போன ஆடியிலயே."

சண்டை போடுகிற குரல் இல்லை. நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி சொன்னாள். அவள் புத்தகத்தை மடியில் வைத்து, எழுத்துக்கு அடியில் விரலை ஊன்றி, ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் ஒரு சொல் சிக்கியது. பழைய ஞாபகத்தில் நான் குனிந்து, "அது கங்காணிக்கா" என்றேன்.

அக்கா புத்தகத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். "நீ சொல்லாத. நானே பாத்துக்கிறேன்."

முதல் பக்கத்தை முடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. ஒரு எழுத்தைக்கூட அவள் விடவில்லை.