சைரன் ஓய்ந்த மாதம்

நீச்சல்குளத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிள்ளைகள் முகத்துக்கு நேரே 'மிஸ்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'சைரன்' என்பார்கள். அது அவருக்கும் தெரியும். தெரியாதது போல இருந்தாலும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். குளத்துக்கு எதிரே கடை வைத்திருந்த சைக்கிள்காரர், "எனக்கு எதுக்குங்க அலாரம், அதான் அந்தம்மா இருக்காங்களே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பயிற்சியாளராக அவருக்கு இருந்த வித்தை ஒன்றே ஒன்று. நீந்துகிற பிள்ளையோடு கரையில் கூடவே நடப்பார், தொண்டை கிழியக் கத்துவார். "இழு! இழு! என்ன தூக்கம் அங்க?" பிள்ளை சுவரைத் தொட்டுத் திரும்பினால் அவரும் திரும்புவார். ஈரத் தரையில் ரப்பர் செருப்பு பளார் பளாரென்று அறையும். இப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது. அவரிடம் பழகி மெடல் வாங்கியவர்களும் உண்டு, தண்ணீர் குடித்ததோடு சரி என்று போனவர்களும் உண்டு. வாங்கிய மெடல் எல்லாம் தன் குரல் வாங்கிக் கொடுத்தது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

வீட்டிலும் அதே குரல்தான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் கணவர், "ஏம்மா, நீ என்கிட்ட உப்பு கேட்டா எதிர்வீட்டுக்காரர் ஏன் எந்திரிச்சு வர்றாரு?" என்பார்.

அந்தக் குரல்தான் ஒருநாள் கரகரத்து, பிறகு பாதியில் அறுந்து அறுந்து வந்தது. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு முடிச்சு விழுந்திருக்கும்மா. ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது. மீறினா ஆபரேஷன்தான்" என்றார். கணவர் முகத்தை ரொம்பச் சோகமாக வைத்துக்கொண்டு, "ஒரு மாசம் போதுமா டாக்டர்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டார். வழக்கமாக இதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அன்று மனைவி பேசாமல் இருந்ததைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயை வைத்தே பிழைத்தவருக்கு வாய் போன நேரமும் சரியில்லை. அந்த மாதத்துக்குள்தான் தேர்வுப் போட்டி. அதில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் பெரிய பயிற்சி மையத்தில் தங்கிப் படித்துக்கொண்டே நீந்தலாம். வராவிட்டால் அவ்வளவுதான், அவரிடம் பழகும் 'வாத்து'க்கு அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

பாதத்தை அகட்டி அகட்டி நடப்பதால் அந்தப் பெண்ணுக்கு வாத்து என்று பெயர். தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் அவள் நடையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஃப்ரீஸ்டைலில் குளத்தின் நாலு நீளம், அதாவது இரண்டு தடவை போய்த் திரும்பி வர வேண்டும், அதுதான் அவளுடைய போட்டி. பயிற்சியில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. போட்டி என்று போனால் மட்டும் மூன்றாவது நீளத்தில் துவண்டுவிடுவாள். ஒவ்வொரு தடவையும் அதே மூன்றாவது நீளம்தான். போட்டியில் பயிற்சியாளர்களைக் கரைக்கு விட மாட்டார்கள், மேலே கேலரியில்தான் இருக்க வேண்டும். அத்தனை இரைச்சலில் தன் குரல் எட்டாததால் பெண் பயந்துவிடுகிறாள் என்று சைரன் முடிவு கட்டியிருந்தார். அதற்காகவே கேலரியில் இரண்டு மடங்கு கத்துவார். தொண்டை போனதே அங்கேதான். கீழே வந்ததும் எல்லார் முன்னாலும், "பயந்தாங்கொள்ளி! உனக்கெல்லாம் எதுக்கு நீச்சல்?" என்பார். இரண்டு வருஷமாக இந்தக் கதைதான். அந்தப் பெண் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை.

வாயைக் கட்டிக்கொண்டு குளத்துக்குப் போன முதல் நாள், இனி பிள்ளைகள் பாடு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டுதான் போனார். பழக்கதோஷத்தில் கரையோரமாகக் கூடவே நடந்தார். வாத்து சுவரைத் தொட்டாள். நேரம் ஒரு நொடிகூட அதிகமாகவில்லை, எப்போதும் போலத்தான் இருந்தது. ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்தார். அடுத்த நாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். அவருக்கு வயிறு எரிந்தது.

தாங்க முடியாமல், அன்றாடப் பயிற்சியை எழுதிப்போடும் வெள்ளைப் பலகையில் எழுதிக் கேட்டார்: 'நான் கத்தாதது உனக்கு வித்தியாசமாகவே இல்லையா?'

வாத்து தலையைச் சொறிந்தாள். "சொன்னா திட்டக் கூடாது மிஸ்." திட்டத்தான் முடியாதே என்பது ஞாபகம் வந்து சிரித்துவிட்டாள். "தண்ணிக்குள்ள ஒண்ணுமே கேக்காது மிஸ். ஙொய்ய்னு ஒரு சத்தம், அவ்ளோதான். நீங்க இழுன்னு சொல்றீங்களா, நிறுத்துன்னு சொல்றீங்களான்னுகூடத் தெரியாது. நான் உங்க செருப்பத்தான் பாப்பேன்."

சைரன் புருவத்தை உயர்த்தினார்.

"மூச்சுக்குத் தலையத் திருப்புறப்போ கரையில உங்க செருப்பு தெரியும். அது எனக்கு முன்னாடி போகுதுன்னா எட்டிப் பிடிக்கணும்னு தோணும். நான் வலது பக்கம்தானே மூச்சு எடுப்பேன்? அதனால போறப்போ தெரியும், திரும்பி வர்றப்போ தெரியாது."

போகிறபோது என்றால் முதல் நீளமும் மூன்றாவது நீளமும். முதல் நீளத்துக்கு யார் தயவும் வேண்டாம், உடம்பில் தெம்பு இருக்கும். உடம்பு மக்கர் பண்ணுகிற மூன்றாவது நீளத்தில் அவளை இழுத்துக்கொண்டு போனது செருப்பு. போட்டியில் அது கிடையாது. சைரன் குதிப்பு மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமும் ஊதியது செவிடன் காதில் ஊதிய சங்கு. அதுகூடப் போகட்டும். பயமே இல்லாத பெண்ணை ஊரறியப் பயந்தாங்கொள்ளி ஆக்கினோமே என்பதுதான் அவரைக் குடைந்தது. எழுந்து பலகையில் 'மன்னிச்சிடு' என்று எழுதினார். மற்றவர்கள் பார்ப்பதற்குள் வாத்து அதை ஈரக் கையால் அழித்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து சைரன் கரைக்கு வரவில்லை. போட்டியன்று போலவே கேலரியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வது சுலபம். இருப்புக் கொள்ளாமல் கால் தானாக எழுந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டார். கீழே வாத்து மூன்றாவது நீளத்தில் துவண்டாள். அடுத்த நாளும் துவண்டாள். குளத்தின் பம்ப் ரூமைப் பார்த்துக்கொள்பவர் படியேறி வந்து, "அக்கா, பொண்ணு செத்த மீனாட்டம் மிதக்குது. கீழ போய்க் கொஞ்சம் நடங்கக்கா" என்று கெஞ்சினார். நடந்தால் இன்றைக்கு நேரம் நன்றாக வரும், போட்டியன்று மறுபடியும் பழைய குருடி கதவைத் திறடிதான். சைரன் தலையாட்டி மறுத்தார். பலகையில் மட்டும், 'ரெண்டாவது திரும்பல் முடிந்ததும் உதையைக் கூட்டு. யாரையும் தேடாதே' என்று எழுதிவைத்தார். போட்டிக்கு முந்தின நாள்வரை ஒரு தடவை நன்றாக வந்தது, ஒரு தடவை சொதப்பியது. எதையும் நம்பிச் சொல்ல முடியவில்லை.

போட்டியன்று கேலரி காதைப் பிளந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு அப்பா நரம்பு புடைக்கத் தன் மகனுக்காகக் கத்திக்கொண்டிருந்தார். சைரனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாத்தின் போட்டி தொடங்கியது. இரண்டு நீளம் எல்லாரோடும் ஒட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாவதில் அவள் முழங்கை மெல்லத் தாழ்ந்தது. துவளப்போகிறாள் என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். சைரனின் வாய் தானாகத் திறந்துகொண்டது. டாக்டர் சொன்னது அப்போது ஞாபகத்திலேயே இல்லை. கத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை என்றுதான் மூடிக்கொண்டார். அந்தச் சில நொடிகளைப் போல மோசமான நேரத்தை அவர் அந்தக் கேலரியில் அனுபவித்ததில்லை. பிறகு வாத்தின் காலடியில் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்தது. முழங்கை நிமிர்ந்தது. இரண்டாவதாகச் சுவரைத் தொட்டாள்.

சுவரைத் தொட்டதும் எந்தப் பிள்ளையும் முதலில் கேலரியைத்தான் பார்க்கும். சைரன் எழுந்து நின்று காத்திருந்தார். வாத்து நிமிர்ந்து பார்க்கவில்லை. கயிற்றில் தொங்கிக்கொண்டு பக்கத்து லேன் பெண்ணோடு ஏதோ பேசிச் சிரித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் டவலைப் போர்த்திக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறி ஓடிவந்தாள். "மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. மூணாவதுல உங்க ஞாபகமே வரல மிஸ்!"

கையைத் தொடைக்கடியில் வைத்து அத்தனை நாள் உட்கார்ந்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். ஆனால் காதில் விழுந்தபோது, இனி நீங்க வேலைக்கு வர வேண்டாம் என்று யாரோ சொன்னது போல வலித்தது. கீழே பயிற்சி மையத்தின் ஆள் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். சைரன் அவள் கையிலிருந்த ஈரத் தொப்பியை வாங்கித் தண்ணீரைப் பிழிந்து திருப்பிக் கொடுத்துவிட்டு, முதுகில் கைவைத்து அவளைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டார்.