காற்றுக்கு முத்திரை கேட்டவர்

தருமபுரியில் நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையில், டாக்டரம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லோரும் என்னிடம் வந்துவிட்டுத்தான் போக வேண்டும். எழுத்துகளை வாசிக்கச் சொல்வது, கண்ணாடி பவர் பார்ப்பது, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பது எல்லாம் என் வேலை. அழுத்தம் பார்க்க ஒரு மிஷின் இருக்கிறது. தாடையை அதில் வைத்து உள்ளே தெரியும் சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால், கருவிழியின்மேல் ‘டப்’ என்று காற்றை ஊதும். அந்தக் காற்றுக்குக் கருவிழி எப்படி அமுங்குகிறது என்று பார்த்து ஓர் எண்ணைக் காட்டும். இருபதுக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை; ஏறினால் கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். கண்ணைத் தொடாது, வலிக்காது. ஆனாலும் பலர் துள்ளிவிடுவார்கள். ஒரு போலீஸ்காரர் மிஷினை நோக்கிக் கையை ஓங்கியே விட்டார்.

பாலக்கோட்டு மண்டிக்காரர் துள்ளியதுதான் எல்லாவற்றிலும் பெரியது. தக்காளி மண்டியில் ஏலம் விடுகிறவர் அவர். ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு, நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். மனைவிதான் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்திருந்தார். காற்று வந்ததும் மனிதர் பின்பக்கமாகப் பாய்ந்தார். உட்கார்ந்திருந்தது சக்கரம் வைத்த ஸ்டூல். அது அவரைச் சுமந்துகொண்டு அறையைக் கடந்து போய்த் தண்ணீர் கேன்மேல் மோதியது. கேன் சரிந்து என் செருப்பெல்லாம் வெள்ளம்.

“இது காத்து இல்லம்மா, அறை!” என்றார், நனைந்த வேட்டியோடு எழுந்து நின்று.

“சின்னக் காத்துதாங்கய்யா. எல்லாருக்கும் ஒரே அளவுதான் வரும்.”

“அந்த அளவு சரின்னு யாரு சொன்னது? எங்க தராசுக்கு வருஷா வருஷம் ஆபீசருங்க வந்து முத்திரை போட்டுட்டுப் போறாங்க. உங்க காத்துக்கு முத்திரை எங்க?”

சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மாவுக்கு, ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால் அதைத் தீர்க்காமல் சாப்பாடு இறங்காது. அவர் சிரிக்கவில்லை. “கேக்கறது நியாயந்தானே. அளந்து வெக்கறோம், நாளைக்கு வாங்க,” என்று அனுப்பிவிட்டார்.

மிஷின் கம்பெனி இன்ஜினியருக்குப் போன் செய்தேன். அளவு பார்ப்பதற்கென்று ஒரு சோதனைக் கண் இருக்கிறதாம். நிஜக் கண்ணைப்போல வளைவாகச் செய்த உருண்டை. அது பெங்களூரில் இருப்பதாகவும், எடுத்துக்கொண்டு வருவதாகவும் சொன்னார். டாக்டரம்மாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. மருந்துக்கடையில் இருந்த குட்டித் தராசை வாங்கி வந்து மிஷின் மூக்குக்கு முன்னால் நிறுத்தினார். காற்று வரவில்லை. எதிரே கண் தெரிந்தால்தான் மிஷின் ஊதும். ஆளை உட்கார வைத்தோம். இப்போது ஊதியது, ஆனால் ஆள்மேல். நடுவில் தராசைப் பிடித்தால் கண் மறைந்துவிடுகிறது, ஊத மாட்டேன் என்கிறது. கடைசியில் டாக்டரம்மாவே தாடையை வைத்து உட்கார்ந்தார். நான் அவர் கண்ணோரமாக ஒரு துணுக்குப் பஞ்சைப் பிடித்தேன்.

டப்.

“என்ன ஆச்சு?”

“பஞ்சு பறந்துடுச்சு, டாக்டர்.”

“எவ்ளோ தூரம்?”

“உங்க தலையிலதான் இருக்குது.”

அதைக் கையால் தடவி எடுத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படித்த படிப்புக்கு நாங்கள் இரண்டு பேரும் அன்று செய்தது அதுதான்.

மறுநாள் மண்டிக்காரர் ஒரு பை நிறையத் தக்காளியோடு வந்தார். கேனைச் சாய்த்ததற்குச் சமாதானமாம். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, பையில் துழாவி உருண்டையான ஒரு தக்காளியை எடுத்தார். வேட்டி நுனியில் பளபளவென்று துடைத்து, என் கையில் இருந்த பஞ்சை வாங்கி ஈரமாக்கி, கண்ணைப்போல மின்ன ஒரு தரம் தடவினார்.

“இத வெச்சுப் பாரும்மா. இது பயப்படாது.”

மறுத்திருக்க வேண்டும். ஆனால் டாக்டரம்மா அதற்குள் தாடைப் பலகையின்மேல் துணியைச் சுருட்டி வைத்துத் தக்காளியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். மிஷின் இப்படி அப்படி நகர்ந்தது, உற்றுப் பார்த்தது, ஏற்றுக்கொண்டது. டப். திரையில் பதினேழு.

“நார்மல்,” என்றார் டாக்டரம்மா, பழக்கத்தில்.

அதற்குப் பிறகு எங்களை நிறுத்த முடியவில்லை. காய் ஒன்று வைத்தோம், எண் ஏறியது. நன்றாகப் பழுத்ததை வைத்தோம், இறங்கியது. கொழகொழவென்று இருந்த ஒன்றுக்கு மிஷின் எண்ணே காட்டாமல் கோடு மட்டும் போட்டது. “அது சாஸுக்குத்தான் ஆகும்,” என்றார் மண்டிக்காரர். வெளியே காத்திருந்தவர்கள் கதவருகே கூடிவிட்டார்கள். வத்தல்மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த பெரியவர் மட்டும் கோபமாக எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, நான் காலையில இருந்து குந்திகிட்டு இருக்கறேன். தக்காளிக்கெல்லாம் டோக்கன் போட்டாங்களா?”

அவரைப் பார்த்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தோம். முதல் தக்காளியையே மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தார் மண்டிக்காரர். எண் பெரிதாக மாறவில்லை.

“தராசு பொய் சொல்லல,” என்று ஒத்துக்கொண்டு, தானே ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர, காற்று வருவதற்கு முன்பே கண்ணை இறுக்கிக்கொண்டார். எத்தனை தரம் சொன்னாலும் அதே. அதுவரை சுவரோரம் நின்றிருந்த அவர் மனைவி வந்து, பின்னால் நின்று அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்தார். “மூடாதீங்க. நான் இருக்கறேன்,” என்றார்.

டப். வலது கண் இருபத்தாறு. இடது கண் முப்பத்து மூன்று.

டாக்டரம்மா முகம் மாறியது. உள்ளே அழைத்துப் போய், கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் தொட்டுப் பார்க்கும் கருவியால் அளந்தார். அதுவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது.

“தக்காளிய விட ஜாஸ்தியா?” என்று கேட்டார் மண்டிக்காரர்.

பிறகு பார்வைப் பரப்பைச் சோதித்தோம். இடது கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் போயிருந்தது. போனது திரும்பாது என்றும், சொட்டு மருந்தை விடாமல் போட்டால் மீதியைக் காப்பாற்றலாம் என்றும் டாக்டரம்மா சொன்னார். மண்டிக்காரர் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவிதான் பேசினார்.

“இவங்கப்பா கடைசி காலத்துல சொவத்தத் தடவிகிட்டேதாங்க நடந்தாரு. நமக்கும் அப்படி ஆவுமோன்னு இவருக்குப் பயம். அதான் காத்து மேல சண்டை.” சற்று நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். “மண்டியில இடது பக்கம் நிக்கிற வேவாரி ஒருத்தரு கை காட்டிகிட்டே இருந்திருக்காரு. இவரு பாக்காம வேற ஆளுக்கு முடிச்சு வுட்டுட்டாரு. வேணும்னே செஞ்சாருன்னு ஊரே பேசிடுச்சு. பேச்சுவார்த்தை நின்னு போச்சு.”

“நெசமாவே தெரியல டாக்டரம்மா,” என்றார் அவர். ஏலக்குரலில் ஒரு துளியும் அதில் இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு மெதுவாகப் பேசியதை நான் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் எழுந்து போனேன்.

இன்ஜினியர் சோதனைக் கண்ணை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பூட்டி அளந்து பார்த்து, மிஷின் சரியாகவே இருக்கிறது என்றார். அப்புறம் தாடைப் பலகையைக் குனிந்து பார்த்து, “இங்க என்னங்க, தக்காளி விதை ஒட்டியிருக்குது?” என்று கேட்டார். டாக்டரம்மா அவசரமாகப் போன் பேசப் போய்விட்டார். நான் டீ சொன்னேன்.

மண்டிக்காரர் சொட்டு மருந்தை விடவில்லை. சில மாதம் கழித்து வந்தபோது எண் இருபதுக்குள் இறங்கியிருந்தது. கோபித்துக்கொண்ட வியாபாரியின் வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னாராம். இப்போது ஏலம் கேட்கிற எல்லோரையும் தன் வலது பக்கமாகவே நிற்க வைக்கிறாராம். புதிதாக வருகிறவர்கள் ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டு பணிவாக நகர்ந்து நிற்கிறார்களாம்.

“வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் ஒரு தரம் பாத்துக்குங்கம்மா,” என்று அவர் மனைவியைக் கூப்பிட்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து தாடையை வைத்தார். டப். இமை அசையவில்லை. மறு கண்ணுக்கும் அப்படியே. இரண்டிலும் பதினான்கு.

“அவ்ளோதானா?” என்றார். எழுந்து, கணவர் கையில் இருந்த மருந்துப் பையை வாங்கிக்கொண்டு, பாலக்கோடு பஸ் போய்விடும் என்று அவரை அவசரப்படுத்தத் தொடங்கினார்.