ஈ மைனரில் ஒரு பக்கம்

ஜின் உண்டு என்று மார்க்கம் சொல்வதை நான் மறுப்பவன் இல்லை. ஆனால் அது என் தறிக்குள் வந்து உட்காரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் மருதமுனையில் கைத்தறி நெய்கிறவன், நூல் அறுந்தால் எங்கே, ஏன் அறுந்தது என்று பார்க்காமல் அடுத்த இழையைத் தொடமாட்டேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வருவதற்கு முன் பக்கத்து வீட்டில் ஸ்டெல்லா டீச்சரும் ஒரே மகள் மெர்சியும் இருந்தார்கள். கணவர் முன்பே இறந்துவிட்டார். அவர்கள் முன் அறையில் ஒரு பழைய பியானோ. மெர்சி சங்கீதப் பரீட்சைக்காக ஒரு பக்கம் மட்டுமே உள்ள ஓர் இசைத் துண்டைப் படித்துக்கொண்டிருந்தாள். ஈ மைனர் என்ற சுரவரிசை, மிக மெதுவான நடை என்று அவள்தான் சொன்னாள். வலக்கை பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை விட்டு நகராது, இடக்கை ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும், அவ்வளவுதான், ஆனால் கேட்டால் நெஞ்சில் ஈரத்துணியைப் போட்டது போல இருக்கும். தாளம் காட்டும் கருவி அவளிடம் இல்லை. என் தறிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். அறுந்த இழையை முடிச்சுப் போட நான் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள்.

"காக்கா, மெதுவா நெய்யுங்களன்!" என்று வேலிக்கு மேலால் கத்துவாள். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

"நான் சாரன் நெய்யிறனா, உனக்கு மேளம் அடிக்கிறனா?"

"ரெண்டும்தான்!"

பாதிப் பக்கம்தான் படித்திருந்தாள். கடல் வந்த ஞாயிறு டீச்சர் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார், காய்ச்சலில் கிடந்த பிள்ளை வீட்டில். உடல் கிடைக்கவில்லை. பியானோவின் இரும்புச் சட்டம் மணலில் கிடந்தது, அதையும் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான்.

பிறகு வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு மறுபடியும் அடுத்தடுத்த வீடுகள் கிடைத்தன. புதுத் தறி போட்டு மிதித்த முதல் நாள், நல்ல வெயில் நேரம், மெர்சியின் அந்தத் துண்டு தறிக்குள்ளிருந்து கேட்டது. காலை எடுத்தேன், நின்றது. மிதித்தேன், தொடர்ந்தது. வானொலியா, யாருடைய போனாவதா என்று தெரு முழுக்கப் பார்த்துவிட்டு வந்தேன். "உங்கட தறிக்குள்ள என்ன பாட்டு படிக்கிது?" என்று மனைவி கேட்டபோதுதான் அது என் காதுக்கு மட்டும் கேட்பதல்ல என்று தெரிந்தது.

டீச்சருக்கும் கேட்டது. ஓடிவந்து தறியின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அது சரியாகப் பாதிப் பக்கத்தில் நிற்கும், திரும்ப முதலிலிருந்து தொடங்கும். பல மாதம் கேட்டபின் ஒருநாள் சொன்னார்: "படிச்ச மட்டுக்கும்தான் வாசிக்கிறாள் காக்கா. அப்ப பிள்ளை போயிற்றாள்தான்." அழுதார், ஆனால் அதன்பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார், தூங்கினார். மட்டக்களப்பிலிருந்து அவருடைய தம்பி வந்து கோயிலில் நினைவு ஆராதனைக்கு ஏற்பாடு செய்தார்.

ஆராதனைக்கு முந்தின நாள் அது பாதியில் நிற்கவில்லை.

தடுமாறித் தடுமாறி மறுபாதிக்குள் போனது. பிழை விட்டது, திரும்பிப் போய்த் திருத்தியது, புதிதாகப் படிக்கிற பிள்ளை வாசிப்பது போல. டீச்சரின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"ஆரோ படிச்சுக் குடுக்காங்க காக்கா," என்றார். "செத்த பிள்ளைக்கு ஆர் படிச்சுக் குடுப்பா?"

ஆராதனை நடக்க டீச்சர் விடவில்லை. "இந்தத் தறியக் கொளுத்தினா என்ன?" என்று தம்பி என்மேல் பாய்ந்தார். அவருக்காகச் சில நாள் நிறுத்தியும் பார்த்தேன். டீச்சர் வாசலில் நின்று, "அவளுட படிப்பக் கெடுக்காதீங்க காக்கா," என்று கை கூப்பினார். எனக்கும் வயிறு இருக்கிறது, மிதித்தேன். வரி வரியாக அது முன்னேறியது. உரத்து எழுகிற இடம், அது அடங்குகிற இடம். போர் முடிந்து வவுனியா முகாம்களில் சனம் நிறைந்திருந்த நாட்களில் ஒரு காலை, கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து தாழ்ந்து விழுகிற சுரங்கள் வரை பிழையில்லாமல் முடித்தது.

டீச்சர் பையைக் கட்டினார். அலையில் போனவளை யாரோ வள்ளத்தில் ஏற்றி வடக்கே கொண்டுபோயிருக்கிறார்கள், முகாமில் தேடினால் கிடைப்பாள் என்றார். நானும் தம்பியும் பஸ்சை மறித்து நின்றோம். "விலகுங்க, பிள்ளை காத்துக்கொண்டிருப்பாள்," என்று ஏறிப் போனார்.

அவர் போன நாளிலிருந்து என் தறியில் தறிச் சத்தம் மட்டும்தான். அவரை இங்கிருந்து கிளப்புவதற்காகவே வந்ததுபோல, அதோடு போய்விட்டது.

முகாம்கள் மூடி வெகு காலம் ஆகியும் அவர் திரும்பவில்லை. வவுனியாவில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் போன் எடுத்து, "கொஞ்சம் மிதியுங்க காக்கா, கேப்பம்," என்பார். அவர் மனம் ஆறட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுத் தறியில் வைத்து மிதிப்பேன். என் வீட்டில் ஒன்றும் கேட்காது.

போன மாதம் அப்படி மிதிக்கும்போது, போனுக்குள்ளே, அவருடைய மூச்சுக்குப் பின்னால் அது கேட்டது. ஈ மைனர், அதே நடை. அந்த நேரம் பார்த்து இழை அறுந்தது. காலை எடுத்தேன்.

அது நிற்கவில்லை.

"டீச்சர், உங்கட அறையில ஆரு?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உரத்துவிட்டது.

"மெல்லக் கதையுங்க காக்கா," என்றார். "பிள்ளை படிக்கிறாள்."