காற்றுத் துளையில் அடைத்த சீலை

குளிர் தொடங்குமுன் எங்கள் மெல்பேர்ண் வீட்டுக் கேஸ் ஹீற்றரைத் துப்புரவாக்க வந்தவர், நரைத்த தாடி வைத்த ஒரு தமிழர். எதைத் தொடுமுன்னும் கையைக் காற்சட்டையில் துடைப்பார். சுவரிலுள்ள காற்றுத் துளையின் தூசியைத் தட்டியவர், உள்ளேயிருந்து என் பழைய சீலைத் துண்டை இழுத்தெடுத்தார். போன வருஷம் ஹீற்றரை நிறுத்திய பிறகு, அதால் குளிர்காற்று வருகிறதென்று நான்தான் அடைத்து வைத்தேன்.

“இந்த அறையில ஆர் படுக்கிறது, அம்மா?”

“நானும் மகளின்ர கைக்குழந்தையும்.”

அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். “கேஸ் புகை வெளியால போக வழியில்லையே. இப்பிடியே ஹீற்றரைப் போட்டிருந்தா நித்திரையிலயே போயிருப்பீங்கள்.”

“மகளுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ, தம்பி.”

“சொல்லமாட்டன். இனி அடைக்காதையுங்கோ.” துண்டை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இப்போது குழந்தையைக் கிடத்துமுன், அவரைப் போலவே கையைத் துடைத்துவிட்டு அந்தத் துளையில் வைத்துப் பார்க்கிறேன். குளிர்காற்றுப் பட்டாலும் பயம் முழுதாய்ப் போவதில்லை.